மூல ஆவணத்தை இணையத்தில் தேடுவது எப்படி: கம்யூனல் ஜி.ஓ. வழக்கின் தடத்தில்

தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டின் வரலாற்றைப் பேசும் எவரும் செண்பகம் துரைராஜன் வழக்கைத் தொடாமல் போவதில்லை. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், பிராமணர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது, வழக்குத் தொடுத்தார், கல்லூரி இடங்களையும் அரசுப் பணிகளையும் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை (கம்யூனல் ஜி.ஓ.) செல்லாது என்று தீர்ப்பாயிற்று, அதனால் அரசமைப்புச் சட்டம் முதன்முதலாகத் திருத்தப்பட்டது என்று நான்கு வரியில் கதை முடிந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தேன். உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று அளித்த தீர்ப்பின் மூலத்தைப் படித்த பிறகுதான், அவர் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்திலிருந்து தெரியவில்லை என்று நீதிபதிகளே எழுதியிருப்பதைப் பார்த்தேன். விசாரித்ததில் தமக்கு இடம் கிடைக்காது என்று அறிந்ததாக மட்டுமே அவர் சொல்லியிருக்கிறார். அதே தீர்ப்பில் சேர்ந்து வரும் இன்னொரு மனுதாரரான சி.ஆர்.சீனிவாசன்தான் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தவர். விருப்பப் பாடங்களில் அவர் 450க்கு 369 மதிப்பெண் பெற்றிருந்தார் என்பது வரை அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

இந்த வேறுபாட்டால் வழக்கின் முடிவு மாறிவிடாது. ஆனாலும் எழுபது ஆண்டுகளாகப் பலரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்து எழுதிவந்த செய்தி, பத்து நிமிடத்தில் இலவசமாகத் திறந்து படிக்கக்கூடிய ஓர் ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது எனக்கு மிகவும் உறுத்தலாக இருந்தது. ஆகவே இந்த ஒரே வழக்கை எடுத்துக்கொண்டு, அரசியல் வரலாற்றுக்கான மூல ஆவணங்களை இணையத்தில் எப்படித் தேடிப் பிடிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். வேறு எந்தப் பொருளை ஆராய்பவருக்கும் இதே முறை பயன்படும்.

தேடலைப் பொதுத் தேடுபொறியிலிருந்து தொடங்கக் கூடாது. "வகுப்புவாரி அரசாணை" என்று அங்கே தட்டினால் வருவனவெல்லாம் பிற்காலக் கட்டுரைகள். அவற்றிலிருந்து பெயர், தேதி, எண் ஆகிய மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுத்து, எளிதில் கிடைக்கக்கூடியதும் மற்ற ஆவணங்களை மேற்கோள் காட்டக்கூடியதுமான ஓர் ஆவணத்தை முதலில் பிடிக்க வேண்டும். சட்டத்தோடு தொடர்புள்ள எந்த அரசியல் நிகழ்விலும் அந்த ஆவணம் பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்பாகவே இருக்கும். தீர்ப்பில் மனு போட்ட தேதி, அரசாணையின் உள்ளடக்கம், இரு தரப்பு வழக்கறிஞர்கள், முந்தைய நீதிமன்றத்தின் முடிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஓர் ஆவணம் தனக்கு முந்தைய ஆவணத்தின் முகவரியைத் தானே சொல்லும். அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதே இந்த வேலையின் அடிப்படை.

தீர்ப்பைத் தேடுவதற்கு இந்தியன் கானூன் தளம் வசதியானது. எந்தச் சொல்லைத் தட்டினாலும் தீர்ப்பின் உள்ளே போய்த் தேடும். ஆனால் அங்குள்ள பழைய தீர்ப்புகளில் தட்டச்சுப் பிழைகள் உண்டு என்பதால், தேடுவதற்கு அதையும், மேற்கோள் காட்டுவதற்கு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. 2023இல் தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில் நீதிமன்றத்தின் அதிகாரப்பூர்வத் தீர்ப்புத் தொகுதிகள் பக்க எண்ணோடு பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. நம் வழக்கு 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் 525ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. தமிழில் "செண்பகம்" என்று நாம் எழுதும் பெயர் ஆங்கில ஆவணத்தில் "சம்பகம்" என்றே இருக்கும் என்பதை மறந்தால், தேடலில் ஒன்றும் வராது.

அந்தத் தீர்ப்பை நிதானமாகப் படித்தால் கிடைப்பது என்னவென்று பாருங்கள். சென்னை மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து 330 இடங்களே இருந்தன. அவற்றில் 17 இடங்கள் வெளிமாநிலத்தவருக்கும் 12 இடங்கள் அரசின் விருப்பத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. மீதியில், 14 இடங்கள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கீடு. இதே தேதியில் மாவட்ட முன்சீப் என்ற கீழ்நிலை நீதிபதிப் பணியிடங்கள் பற்றிய வெங்கடரமணா வழக்கிலும் தீர்ப்பு வந்தது. கல்லூரி வழக்கை மட்டும் படித்துவிட்டு வேலைவாய்ப்பு பற்றி எழுதுபவர்கள் தடுமாறுவது இதைத் தவறவிடுவதால்தான்.

அரசாணைக்கு எண் மட்டும் போதாது

தீர்ப்பிலிருந்து ஒரு படி பின்னால் போனால் அரசாணை. இங்கேதான் புதியவர்கள் அதிகம் திணறுகிறார்கள். சென்னை மாகாண அரசின் ஆணைகளுக்கு ஒவ்வொரு துறையிலும் ஆண்டுதோறும் எண் புதிதாகத் தொடங்கும். ஆகவே "ஜி.ஓ. 613" என்று மட்டும் சொன்னால் அது எதையும் குறிக்காது. துறை, எண், நாள் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி முழுமையாகும். முதல் வகுப்புவாரி அரசாணை பொதுத்துறையின் 613ஆம் எண், 1921 செப்டம்பர் 16 நாளிட்டது. ஆணை எண்ணுக்கு முன்னால் "எம்.எஸ்." என்று இருந்தால் அது கையெழுத்துப்படி வரிசை என்பதன் சுருக்கம், அதையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதே எண்ணில் வேறு வரிசையில் இன்னொரு ஆணை இருக்கலாம்.

தேதிகளை வரிசையாக அடுக்கியதுமே பல தவறான கூற்றுகள் தாமாக உதிர்ந்துவிடும். நீதிக்கட்சி 1921இலேயே பங்கீட்டு அட்டவணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது என்று பலர் எழுதுகிறார்கள். 12 இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட அட்டவணை 1927 நவம்பர் 4 நாளிட்ட 1071ஆம் எண் ஆணையோடு வருவது. அப்போது இருந்தது சுப்பராயன் அமைச்சரவை. அந்த 12, தீர்ப்பில் நாம் பார்த்த 14 ஆக மாறியது 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது. மூன்று ஆட்சிகள், மூன்று ஆணைகள் என்பதை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்ட பிறகே நான் அடுத்த தளத்தைத் திறப்பேன்.

இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில், மாகாண அரசுகள் தில்லிக்கு அனுப்பிய கோப்புகளைத் தேடலாம். இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் போதும். அங்கே நினைவில் வைக்க வேண்டியது, தேடுபெட்டி கோப்பின் உள்ளே போய்த் தேடுவதில்லை, கோப்பின் தலைப்பில்தான் தேடுகிறது என்பது. அந்தத் தலைப்பை எழுதியவர் அன்றைய எழுத்தர். "இடஒதுக்கீடு" என்பதற்கு இன்று நாம் ஆங்கிலத்தில் பயன்படுத்தும் சொல்லை அவர் பயன்படுத்தியிருக்க மாட்டார். "பொதுப்பணிகளில் வகுப்புகளின் பிரதிநிதித்துவம்" என்ற பொருள்படும் நீண்ட அலுவலகச் சொற்றொடரையே எழுதியிருப்பார். ஒரு கோப்பு கையில் கிடைத்ததும் அதன் தலைப்பிலுள்ள சொற்களையே எடுத்து மறுபடி தேடினால், அதே மேசையிலிருந்து போன மற்றக் கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ஊர்ப்பெயர்களும் இப்படித்தான்: தஞ்சாவூர் "டாஞ்சூர்" ஆகவும், திருநெல்வேலி "டின்னவெல்லி" ஆகவும், திருச்சி "டிரிச்சினாப்பொலி" ஆகவும் ஆங்கில எழுத்தில் கிடக்கும்.

விவாதங்களில் தேடுபவர் செய்யும் பிழை

முதல் திருத்தச் சட்டத்தின் விவாதங்களைத் தேடத் தொடங்கியபோது மக்களவை விவாதங்கள் என்ற பிரிவில் 1951ஆம் ஆண்டைத் தேடி இரண்டு மாலைகளை வீணாக்கினேன். ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது. முதல் மக்களவை 1952இல்தான் அமைந்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது முதல் அதுவரை இருந்தது தற்காலிக நாடாளுமன்றம். அரசமைப்பு அவையே அந்தப் பெயரில் இயங்கிவந்தது. நாடாளுமன்ற மின்நூலகத்தில் 1952க்கு முற்பட்ட விவாதங்கள் தனிப் பிரிவாக வைக்கப்பட்டிருக்கின்றன. அவையும் இரண்டு பகுதிகளாக அச்சானவை: முதற்பகுதி கேள்வி பதில், இரண்டாம் பகுதி மற்ற நடவடிக்கைகள். மசோதா விவாதம் வேண்டுமானால் இரண்டாம் பகுதியைத்தான் திறக்க வேண்டும்.

மசோதா 1951 மே 12 அன்று அறிமுகமாகி, மே 16 முதல் 18 வரை விவாதிக்கப்பட்டு, மசோதாவை ஆராயும் உறுப்பினர்களின் தேர்வுக் குழுவுக்குப் போய், மே இறுதியில் திரும்பி வந்து, ஜூன் தொடக்கத்தில் நிறைவேறி, ஜூன் 18 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தனி ஆவணம் உண்டு; அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதில்தான் பயன். மே 10 நாளிட்டு நேரு கையெழுத்திட்ட நோக்க விளக்க அறிக்கையைப் படித்தால், திருத்தத்துக்குக் காரணம் சென்னை வழக்கு ஒன்று மட்டுமல்ல என்பதும், பேச்சுரிமை வழக்குகளும் ஜமீன் ஒழிப்புச் சட்டங்களின் மீதான வழக்குகளும் அதில் சமமாக நின்றன என்பதும் தெளிவாகும். மசோதாவில் எந்தப் பிற்பட்ட வகுப்பினரின் "கல்வி, பொருளாதார, சமூக" முன்னேற்றத்துக்கும் என்று இருந்த வாசகம், தேர்வுக் குழுவிலிருந்து வந்தபோது "சமூக நிலையிலும் கல்வி நிலையிலும் பிற்பட்ட" வகுப்பினர் என்று மாறியிருந்தது. பொருளாதாரம் என்ற சொல் எங்கே நின்றது, எங்கே போனது என்று இன்றும் சண்டையிடுகிறோமே, அந்த இடம் இதுதான். மசோதாவையும் குழு அறிக்கையையும் இரண்டு சாளரங்களில் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் படிக்க வேண்டும்.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் அரசமைப்பு அவை விவாதங்கள். இவை நாடாளுமன்றத் தளத்திலும், தேடுவதற்கு எளிதான வடிவில் கான்ஸ்டிட்யூஷன் ஆஃப் இந்தியா என்ற தனியார் ஆய்வுத் தளத்திலும் கிடைக்கின்றன. இங்கே சூட்சுமம், இறுதிச் சட்டத்தின் பிரிவு எண்ணைக் கொண்டு தேடக் கூடாது என்பதுதான். அரசுப் பணியில் சமவாய்ப்பு பற்றிய இன்றைய 16ஆம் பிரிவு அன்றைய வரைவில் 10ஆம் பிரிவு; இன்றைய 29ஆம் பிரிவு வரைவில் 23. 1948 நவம்பர் 30 விவாதத்தில், அரசின் கருத்தில் பின்தங்கியிருக்கும் சமூகமே பின்தங்கிய சமூகம் என்று அம்பேத்கர் கூறுவது வரைவின் 10ஆம் பிரிவின் கீழ் வருகிறது. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டது, அரசுக் கல்வி நிலையங்களில் சமயம், சாதி போன்றவற்றை மட்டும் காரணமாக்கிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்னும் 29(2). அதன் கதை இன்னும் முக்கியமானது. வரைவில் அது சிறுபான்மையினருக்கான பாதுகாப்பாக, "எந்தச் சிறுபான்மையும்" என்று தொடங்கியது. 1948 டிசம்பர் 8 அன்று தாகூர் தாஸ் பார்கவா கொண்டுவந்த திருத்தத்தால்தான் "எந்தக் குடிமகனுக்கும்" என்று ஆயிற்று. அந்த ஒரு சொல்மாற்றம் இரண்டரை ஆண்டுகளில் சென்னை அரசாணையை வீழ்த்தப்போகிறது என்பதை அறிந்து அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு உடல் சிலிர்த்தது.

அம்பேத்கரின் சட்ட அமைச்சர் காலத்து நாடாளுமன்ற உரைகள் அவருடைய எழுத்தும் பேச்சும் தொகுப்பின் 15ஆம் தொகுதியில் இருக்கின்றன; இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் தொகுப்பில் படித்ததை விவாதத்தின் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இடையிட்டுப் பேசியவர்களின் பெயரும் எதிர்க்கேள்வியும் மூலத்தில்தான் அவற்றுக்குரிய இடத்தில் நிற்கும்.

செய்தித்தாளும் பழைய தமிழ் எழுத்தும்

நாளிதழைத் தேடும்போது சொல்லைவிடத் தேதியை நம்ப வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் அரசாணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது 1950 ஜூலை 27, வியாழக்கிழமை. எனவே மறுநாள் இதழைப் பார்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு திங்கட்கிழமை. எனவே ஏப்ரல் 10. கூகுள் நியூஸ் ஆர்க்கைவில் சென்னைப் பதிப்பு இந்தியன் எக்ஸ்பிரஸின் பல்லாண்டு இதழ்கள் படமாக இருக்கின்றன. அதன் தேடல் பயனற்றது. இதழின் பெயரைத் திறந்து, ஆண்டு, மாதம், நாள் என்று புரட்டிப் போவதே வழி. இடையிடையே நாட்கள் விடுபட்டிருக்கும். விடுபட்ட நாளுக்கு அடுத்த இரண்டு நாட்களின் ஆசிரியர் கடிதங்களைப் பாருங்கள். செய்தியின் சுருக்கம் பலமுறை அங்கே கிடைத்திருக்கிறது.

பலர் நினைத்துப் பார்க்காத இடம் சிங்கப்பூர். அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்.ஜி. தளத்தில், 1935இல் கோ.சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும், 1946 முதல் சில ஆண்டுகள் வெளிவந்த இந்தியன் டெய்லி மெயில் என்ற ஆங்கில நாளிதழும் இருக்கின்றன. சென்னை மாகாணச் செய்திகளுக்கு அங்கே வாசகர்கள் இருந்ததால் அவை அச்சேறின. பெரியார் 1929இன் இறுதியில் மலாயா சென்ற பயணத்தைப் பற்றியும் அக்காலத்து ஆங்கில இதழ்களில் தேடலாம். நம் ஊரில் கரையான் தின்ற செய்தி கடல் கடந்த நூலகத்தில் நல்ல நிலையில் இருப்பதைப் பார்க்கும்போது நன்றியும் வருத்தமும் ஒருசேர வரும்.

தமிழ் இதழ்களுக்கு முதலில் போக வேண்டியது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவ்; இந்திய மின்னூலகத் திட்டத்தில் ஸ்கேன் செய்யப்பட்ட பல இலட்சம் நூல்கள் அங்கே தஞ்சம் புகுந்திருக்கின்றன. ஈழத்து அரசியலானால் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்துக்கு இணையாக ஒன்றைச் சொல்ல முடியாது. இதழ்கள், துண்டறிக்கைகள், நினைவு மலர்கள் வரை அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் உருவானது. அதன் தொகுப்பில் ஒரு பகுதி பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டத்தின் வழியாக இணையத்துக்கு வந்திருக்கிறது.

இவற்றில் தேடும்போது இரண்டு தடைகள் உண்டு. முதலாவது எழுத்துக்கூட்டல். பெரியாரின் வார இதழுக்கு "குடிஅரசு", "குடி அரசு", "குடியரசு" என்று மூன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். "பிராமணரல்லாதார்", "பிராமணர் அல்லாதார்", "பார்ப்பனரல்லாதார்" என்பனவும் அப்படியே. "இடஒதுக்கீடு" அக்காலச் சொல்லே அல்ல, "வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்", "வகுப்புரிமை", "கம்யூனல் ஜி.ஓ." என்பவைதான் அன்று வழங்கியவை. இரண்டாவது தடை எழுத்துரு. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை பெரும்பாலான அச்சில் ணை, லை, னை ஆகியவை துதிக்கை வளைவோடும், ணா, றா, னா ஆகியவை ஒட்டிய வடிவிலும் இருந்தன; படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருள் இவற்றைக் கண்டால் குழம்பிப்போகும். பெரியார் 1935இலேயே தம் இதழ்களில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டதால், அவருடைய "விடுதலை" நாளிதழின் 1950ஆம் ஆண்டு இதழ்களை மென்பொருள் ஓரளவு படித்துவிடும், அதே நாள் வேறோர் இதழைப் படிக்காது. எனவே சொல்லைத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் செய்தி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அரசாணைக்கு ஆதரவாக 1950 ஆகஸ்டு 14 அன்று பெரியார் நடத்திய வகுப்புரிமை நாளைத் தேடினால், ஆகஸ்டு முதல் இரண்டு வார இதழ்களைக் கண்ணால் பக்கம் பக்கமாகப் பார்ப்பதுதான் ஒரே நம்பிக்கையான வழி.

இன்டர்நெட் ஆர்க்கைவில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பலமுறை தவறாகப் பதிவாகியிருக்கும். தேடுபெட்டிக்குக் கீழே உள்ளடக்கத்தில் தேடும் வசதியைத் தெரிவு செய்துகொள்ளுங்கள்; ஆங்கில அறிக்கைகளுக்கு அது மிகச் சிறப்பாக உதவும். நூல் கிடைத்ததும் தளம் சொல்லும் ஆண்டை நம்பாமல், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து ஆண்டை எழுதிக்கொள்ளுங்கள்.

கண்டெடுத்ததை உடனே இறக்கி வையுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் பட்டியலும் மின்னாவணங்களும் பல மாதங்கள் திறக்க முடியாமல் கிடந்தன. நான் கோப்பின் பெயரிலேயே நாள், ஆவண வகை, எண் மூன்றையும் எழுதிவிடுவேன்: 1927-11-04, அரசாணை, 1071 என்பது போல. நாள் முன்னால் வருவதால் கோப்புறையைத் திறந்ததும் கதை தானாகவே காலவரிசையில் நிற்கும். எந்த ஆண்டில் ஓட்டை இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

அந்த ஓட்டைகளோடுதான் எழும்பூருக்குப் போக வேண்டும். 1909 முதல் அங்கே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் அரசாணைகளில் இணையத்துக்கு வந்திருப்பவை சிறு பகுதியே. அறிமுகக் கடிதத்தோடு போய், துறை, எண், நாள் எழுதிய சீட்டைக் கொடுத்தால் கட்டு மேசைக்கு வரும். வெறும் பொருளைச் சொல்லிக் கேட்டால் அட்டவணைத் தொகுதிகளிலேயே நாள் போய்விடும். 1921ஆம் ஆண்டின் 613ஆம் எண் ஆணையைப் படிக்கும்போது, அது புதிதாக ஒரு கொள்கையை வகுக்காமல், வெவ்வேறு வகுப்பினருக்கும் பணிகளைப் பங்கிடுவது பற்றிய வருவாய் வாரியத்தின் நிலையாணை 128(2)ஐ எல்லாத் துறைகளின் எல்லா நிலைகளுக்கும் விரிப்பதைக் கவனியுங்கள். நீதிக்கட்சி பிறப்பதற்கு முன்பே இருந்த அந்த நிலையாணையின் எண்ணை அடுத்த சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.